“எல்லாரும் குடிக்கிறார்கள்” என்று மேடையில் சொல்லாதீர்கள்

கோலாலம்பூரில் புதிய மாணவர்களுக்கு நம்மவர்கள் நடத்தும் அறிமுக நிகழ்ச்சிகளில், “இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் குடிக்கிறார்கள்” என்று யாராவது ஒரு பெரியவர் பேசாமல் இருப்பதில்லை. அக்கறையில் சொல்வதுதான், ஆனாலும் கீழே அமர்ந்திருக்கும் குடிக்காத மாணவன், தான் மட்டுமே விதிவிலக்கு என்ற எண்ணத்தோடு எழுந்து போகிறான்.

அமெரிக்காவில் பெர்க்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு, சக மாணவர்கள் குடியை ஏற்றுக்கொள்ளும் அளவை மாணவர்கள் உண்மையைவிட மிகுதியாக மதிப்பிடுவதைக் காட்டியது. 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரென்டிஸும் மில்லரும் இன்னும் ஆழமாகப் போனார்கள். குடியைப் பற்றித் தமக்குள்ள உறுத்தல் மற்றவர்களுக்கு இல்லை என்றே பெரும்பாலான மாணவர்கள் நம்பினார்கள். அதைவிட வருத்தம் தருவது, கல்விப் பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்கள் அந்த இல்லாத பொதுக்கருத்துக்கு ஏற்பத் தம் மனத்தையே மாற்றிக்கொண்டதுதான். மாணவிகளிடம் அந்த மாற்றம் தென்படவில்லை.

கோலாலம்பூரின் செத்தாபாக் பகுதியில் நண்பர்களோடு வாடகை வீட்டில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர், தேர்வு முடிந்த இரவில் ஒரே பியர் டின்னைச் சூடேறும்வரை கையில் பிடித்திருந்து, பிறகு சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டதாக என்னிடம் சொன்னார். “வேண்டாம்னு சொன்னா ஒரு மாதிரியா பார்ப்பாங்க சார்.” அன்று அவரைப் பார்த்தவர்கள் அனைவரும் அவரையும் குடிப்பவர் கணக்கிலேயே சேர்த்திருப்பார்கள். அந்த வீட்டில் இன்னும் எத்தனை டின்கள் வெறுமனே கையில் இருந்தன என்பது யாருக்குத் தெரியும்?

நம் நாட்டில் இது இன்னும் கூர்மையானது. அரசுப் பல்கலைக்கழகங்களில் உடன் படிப்பவர்களில் பெரும்பாலோர் மதுவை விலக்கும் மதத்தைச் சேர்ந்தவர்கள்; ஆகவே நம் மாணவன் சொல்லும் “எல்லாரும்” அவனுடைய சொந்த வட்டத்தில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேர்தான். மது வாங்கும் வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21 ஆக உயர்ந்தது. அது கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாம்; அந்தச் சிறு வட்டத்தின் நினைப்பைத் தொடாது.

உண்மை நிலவரத்தைச் சொல்வதாலேயே குடி குறைந்துவிடும் என்று நான் கூறவில்லை. இத்தகைய முயற்சிகளின் பலன் சிறியதே என்று பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. ஆனால் பொய்யான கணக்கை நாமே பரப்புவதையாவது நிறுத்தலாம். ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த நிகழ்ச்சியில் பெயரில்லாத துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து, கடந்த மாதம் குடித்தார்களா, அது அவர்களுக்குப் பிடித்ததா என்று எழுதச் சொல்லுங்கள், வரும் எண்ணிக்கை எதுவானாலும் அதை அந்த மண்டபத்திலேயே படித்துக் காட்டுங்கள்.