பன்னிரண்டு வயதுக்கு முன்னம்

செப்டெம்பர் 8, 2025, திங்கள்

கடிதத்தை இன்றைக்குத்தான் பிரித்தேன். ஐந்து நாளாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டதாம். வயதுவந்தவர்களுக்கான ஏடிஎச்டி (கவனக் குறைவும் துடியாட்டமும்) மதிப்பீட்டுக்கு எங்கள் பகுதியில் இப்போது ஏறக்குறைய ஆறு வருடக் காத்திருப்பு. அப்போது எனக்கு 46 வயதாகியிருக்கும். மகன் ஜிசிஎஸ்இ பரீட்சை எழுதிக்கொண்டிருப்பான்.

செப்டெம்பர் 9

சோறு அடிப்பிடித்துவிட்டது. இந்தக் கிழமை இரண்டாம் தரம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

ஜீபி, எங்கள் குடும்ப வைத்தியர், நிரப்பச் சொன்ன ஏஎஸ்ஆர்எஸ் என்ற ஏடிஎச்டி கேள்வித்தாளின் பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 18 கேள்விகள். முதல் ஆறில் நான்கு, நிழலடித்த கட்டத்துக்குள் விழுந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். எனக்கு ஐந்து விழுந்திருக்கிறது. இன்றைக்கு மாற்றிப் போடலாமோ என்று யோசித்து யோசித்து மறுபடியும் நிரப்பினேன். அதே ஐந்துதான்.

இவரிடம் காட்டினேன். "உமக்கு ஒண்டுமில்லை. வேலை கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். ஆனால் இந்த வருடம் மட்டும் நான்கு தண்டப்பணம் கட்டியிருக்கிறோம். பணம் இல்லாமல் அல்ல, கட்டுகிற நாளை நான் தவறவிட்டதால். வேலை கூடியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செப்டெம்பர் 23, செவ்வாய்

ஜீபியோடு பத்து நிமிடம். நல்ல மனிதர். 'ரைட் டு சூஸ்' வழியாக அனுப்பலாம் என்று நான் கேட்கும் முன்னமே சொன்னார். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு, அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஒப்பந்தமுள்ள வேறொரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. செலவு அரசாங்கத்தினுடையது. ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில் இருக்கும் என் சிநேகிதிக்கு அந்த வழியே இல்லை.

வீட்டுக்கு வந்து நிலையங்களுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் எடுத்தேன். ஒன்றில் இரண்டு வருடத்துக்கு மேல். இன்னொன்றில் எங்கள் பகுதிக்கு இந்த வருடம் ஒதுக்கிய எண்ணிக்கை முடிந்துவிட்டது, புதிதாக யாரையும் எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இசை போட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவத் தொடங்கி, ஃபோனில் நிற்பதையே மறந்துவிட்டேன்.

இங்கிலாந்தில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். வரிசை என்றால் முன்னால் நிற்பவரின் முதுகாவது தெரிய வேண்டும். இதில் அதுவும் இல்லை.

செப்டெம்பர் 27, சனி

காசு கட்டித்தான் பார்க்கப் போகிறேன்.

இரவு இரண்டு மணி வரை தேடினேன். ஒன்லைனில் இத்தனை இடங்கள் இருக்கின்றன! ஒரு இடத்தில் 45 நிமிட வீடியோ அழைப்பு, அன்றைக்கே முடிவு. விலையும் பாதி. அதைக் கண்டதும் கை அந்தப் பக்கம்தான் போனது. அப்புறம் மருத்துவ வழிகாட்டிகள் எழுதும் நைஸ் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட என்ஜி87 என்ற ஏடிஎச்டி வழிகாட்டியை எடுத்து வாசித்தேன். கேள்வித்தாள் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஏடிஎச்டி என்று முடிவு கட்டக்கூடாது. வளர்ந்த வரலாறு, மனநல வரலாறு, கூட இருந்தவர்கள் சொல்வது எல்லாம் வேண்டும் என்கிறது. 45 நிமிடத்தில் என் நாற்பது வருடத்தை யார் கேட்டு முடிப்பது?

கடைசியில் இரண்டு மணி நேரம் எடுக்கும் ஒரு நிலையத்தைப் பிடித்தேன். மருத்துவ நிலையங்களைக் கண்காணிக்கும் சீக்யூசியில் பதிவு இருக்கிறது. பார்க்கப்போகும் மனநல மருத்துவரின் பெயரை ஜிஎம்சியின் மருத்துவர் பதிவேட்டில் தேடினேன், இருந்தார். சரி.

895 பவுண்டு. அது மதிப்பீட்டுக்கு மட்டும். மருந்து தொடங்கினால் அளவு சரிவரும் வரை மாதாமாதம் தனிக் கட்டணம், தனியார் மருந்துச் சீட்டு, மருந்தின் முழு விலை. அதன் பிறகு ஜீபி 'ஷெயர்ட் கெயர்' ஏற்று, மருந்தை அவரே எழுதித் தந்தால்தான் சீட்டுக்கு 9.90 பவுண்டோடு போகும். ஏற்றே ஆக வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை. முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்டு எழுதினேன். "அறிக்கை வந்த பிறகு பரிசீலிப்போம்" என்று பதில் வந்திருக்கிறது.

ஒக்டோபர் 2

கட்டியாயிற்று. கூரை திருத்த வைத்திருந்த காசு. இவர்தான் அட்டையை எடுத்துத் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை. 28-ஆம் திகதி, காலை பத்து மணி.

ஒக்டோபர் 5, ஞாயிறு

படிவங்கள் வந்தன. ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னமே இருந்ததற்கான சான்று. பள்ளிக்கூட அறிக்கைகள் இருந்தால் இணைக்கவும்.

எனக்குப் பன்னிரண்டு வயதுக்கு முன்னம் என்று ஒரு காலம் இருந்தது, யாழ்ப்பாணத்து மானிப்பாயில். தேர்ச்சி அறிக்கைகள் அப்பாவின் பச்சை ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் போனபோது அந்தப் பெட்டி எங்களோடு வரவில்லை. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் கதவுகூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளும் அப்படித்தான்.

படிவத்தில் 'இல்லை' என்று எழுத ஒரு சின்னக் கட்டம் தந்திருக்கிறார்கள். அதற்குள் எதை எழுதுவது?

ஒக்டோபர் 6

ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் தவணை. "கெட்டிக்காரி. கவனம் போதாது." நீல மையா, சிவப்பு மையா?

ஒக்டோபர் 11, சனி

அம்மாவோடு ஒன்றரை மணி நேரம். சிறுவயதில் கூட இருந்தவர் நிரப்ப வேண்டிய படிவம், எல்லாம் ஆங்கிலத்தில். நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, அம்மா பதில் சொல்ல, நானே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என்னைப் பற்றிய சாட்சியத்தை நானே மொழிபெயர்ப்பது சரியா என்று நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டிருக்கிறேன்.

"எளிதில் கவனம் சிதறுவாளா" என்று கேட்டேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. வேறு மாதிரிக் கேட்டேன், அதுவும் சரிவரவில்லை. பிறகு அம்மாவே, "பிராக்குப் பாக்கிறதோ? அதை ஏன் கேக்கிறாய்? விடிஞ்சா பொழுதுபட்டா பிராக்குத்தானே உனக்கு" என்றார்.

பிராக்கு. எத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்கிறேன். "பிராக்குப் பாக்காமல் சாப்பிடு", "பிராக்குப் பாத்துக்கொண்டு சைக்கிளிலை போகாதை". முப்பது வருடத்துக்கு முன்னமே அந்த வீட்டில் எல்லாருக்கும் என் நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. நோய் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

படிவத்தில் அந்தச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து எழுதி, பக்கத்தில் விளக்கம் போட்டேன்.

ஒக்டோபர் 12

நேற்றிலிருந்து ஒரே யோசனை. அது பிராக்கா, பயமா? ஐந்து வயதிலிருந்து பொம்மர் (குண்டு போடும் விமானம்) சத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளை, ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளை. அதன் கவனம் எங்கே நிற்கும்? பயமும் இழப்பும்கூடக் கவனத்தைக் குலைக்கும் என்று வாசித்தேன். அப்படியென்றால் நான் தேடுவது பிழையான பெயரா? 895 பவுண்டும் பிழையான கதவிலா?

இரவு நித்திரை இல்லை. இலங்கையில் விடிந்ததும் அம்மாவுக்கு எடுத்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அண்ணனும் அதே பங்கருக்குள்ளைதானே இருந்தவன். அவன் விளக்கிலை குந்தியிருந்து படிச்சான். நீ... பொம்மர் வாற சத்தம் கேட்டு எல்லாரும் ஓட, உன்னை மட்டும் கிணத்தடியிலை போய்க் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வரோணும். பயந்து நிண்டதில்லை பிள்ளை. உனக்குக் கேக்கேல்லை. எறும்பு போறதைப் பாத்துக்கொண்டு நிப்பாய்."

எறும்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. சத்தம் ஞாபகம் இல்லை.

ஒக்டோபர் 13

படிவங்கள் அனுப்பியாயிற்று. கட்டத்துக்கு வெளியேயும் எழுதி.

ஒக்டோபர் 19

லாச்சியைத் திறந்தேன். பிரிக்காத உறைகள் 31. எண்ணிவிட்டு மூடிவிட்டேன்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

முடிந்தது. இரண்டு மணி இருபது நிமிடம்.

டைவா-5 என்ற ஏடிஎச்டி நேர்காணல். கவனக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துடியாட்டத்துக்கும் யோசிக்காமல் செய்வதற்கும் ஒன்பது. மருத்துவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டார்: இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி. உதாரணம் சொல்லாமல் விடவில்லை. "மறப்பேன்" என்றால் "கடைசியாக எதை மறந்தீர்கள், அதனால் என்ன நடந்தது?" என்றார். மகனைச் சுற்றுலாவுக்கு அனுப்பக் காசு கட்ட மறந்ததைச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில் ஏற, இவன் மட்டும் அலுவலக வாசலில் நின்றிருக்கிறான். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு நான் பயந்துகொண்டிருந்த இடத்துக்கு அவரே வந்தார். கனவுகள் வருகின்றனவா, திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு பதறுகிறதா, வாணவெடி இரவுகளில் எப்படி, எதையாவது தவிர்க்கிறீர்களா. மறைக்காமல் சொன்னேன். கனவு வரும், ஆனால் எப்போதாவது. லாச்சியும் சோறும் தண்டப்பணமும் எந்த நாளும். எறும்பைப் பற்றிப் படிவத்தில் வாசித்திருந்தார். அந்த வரிக்கு வந்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, திரும்பவும் முழுவதும் சொல்லச் சொன்னார்.

ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது, இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார். முடிவு எழுத்தில் வரும். இரண்டு கிழமை.

ஒக்டோபர் 30

முப்பது வருடம். அம்மா ஃபோன் எடுத்தார். பாலத்தைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. அங்கே மழையாம்.

நவம்பர் 5

வெளியே வாணவெடி. மகனோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். பரவாயில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. 14 பக்கம். ஏடிஎச்டி, பிரதானமாகக் கவனக் குறைவு வகை. இப்போது ஒன்பதில் எட்டு, சிறுவயதில் ஏழு. பெரியவர்களுக்கு ஐந்து இருந்தாலே போதும். போர்க்கால அனுபவங்களுக்குத் தனியாக உதவி நாடும்படி ஒரு பத்தி இருக்கிறது. அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆறாம் பக்கத்தில் அம்மா சொன்னதெல்லாம் இருக்கிறது. பிராக்கு என்ற சொல் ஆங்கில எழுத்தில், சரியாக. எந்தத் தேர்ச்சி அறிக்கை தொலைந்ததோ அதற்குப் பதிலாக இந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே வாசிக்கிறேன். இவர் முழுவதையும் வாசித்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். எதை என்று கேட்கவில்லை.

நவம்பர் 15

மருந்துக்கு முன்னம் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, நிறை எல்லாம் அனுப்ப வேண்டும். இதய வருத்தம் குடும்பத்தில் உண்டா என்றும் கேட்டிருக்கிறார்கள். அப்பா. எழுதினேன். ஈசிஜி எடுக்க வேண்டி வரலாம்.

நவம்பர் 18

லாச்சி. பத்து உறை பிரித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

ஜீபி நிலையத்திலிருந்து கடிதம். மேசையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 21

பிரித்தேன். தனியார் நிலையங்களோடு ஷெயர்ட் கெயர் ஏற்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்களாம். 14 பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசித்தார்களா என்றும் தெரியவில்லை. மருந்துக்காக மட்டும் ரைட் டு சூஸ் வழியாக அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், சில இடங்கள் தனியார் அறிக்கையை ஏற்கும் என்று சிநேகிதி சொல்கிறாள். திங்கள் காலை எட்டு மணிக்கு லைன் திறந்ததும் எடுக்க வேண்டும். மூன்று அலாரம் வைத்திருக்கிறேன். ஒன்று இவருடைய ஃபோனில்.