கிராஸில் வழியணும், ஸ்லிப்பில் அளவோடு நிறுத்தணும்

பழைய பிக்கப்பை ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விடும்போது அடியில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்வீலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில், 'டக்' என்று ஒரு சத்தம். மெதுவாக உருட்டினால் சக்கரச் சுற்றோடு சேர்ந்து குருவி கத்துவது போலக் கீச்சுக் கீச்சென்று இன்னொரு சத்தம். இரண்டாவது சத்தம் கேட்கிறபோதே படுத்துப் பார்த்துவிட்டால் சில சமயம் கிரீஸோடு வேலை முடிந்துவிடும். முதல் சத்தம் வரும்வரை விட்டால் பெரும்பாலும் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் என்ற சிலுவைத் துண்டை மாற்றும் வேலைதான்.

டாடா 207, மஹிந்திரா பொலேரோ பிக்கப் மாதிரி லீஃப் ஸ்பிரிங் போட்டு, பின்வீல் தள்ளுகிற வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. இரண்டு துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் என்றால் வழக்கமாக மூன்று யு.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸ், ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் ஒரு ஸ்லிப், நடுவில் ரப்பரில் தொங்கும் ஒரு சென்டர் பேரிங். கிராஸ் ஒவ்வொன்றிலும் கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிள், ஸ்லிப்பில் ஒன்று. பின்னாளில் மாற்றிய கிராஸ் நிப்பிளே இல்லாத சீல் வகையாக இருக்கலாம். அதில் கிரீஸ் அடிக்க வழியில்லை, ஆட்டம் வந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. கடையில் கேட்டால் வீல் பேரிங்குக்குப் போடும் ஏ.பி.3-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். அது கெட்டி. கிராஸுக்குள் இருக்கும் மெல்லிய துளை வழியாக, அதன் நாலு கால் நுனியையும் நீடில் என்ற ஊசி உருளைகளோடு மூடியிருக்கும் நாலு கப்புக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது. லித்தியம் ஈ.பி.2 வாங்குங்கள். ஸ்பிரிங் பட்டைக்குப் பூசும் கிராஃபைட் கிரீஸ் இங்கே கூடவே கூடாது, நீடில் உருள்கிற இடத்தில் அந்தத் துகளுக்கு வேலையில்லை. ஏற்கெனவே இருப்பது என்ன கிரீஸ் என்று தெரியவில்லையா? புதுசு மட்டும் வெளியே வரும்வரை அடித்துப் பழையதை முழுக்கத் தள்ளிவிடுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் தண்ணீராக இளகிவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்வீல் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தரையில் இருக்கப்போகும் பின்வீலுக்கும் வையுங்கள். அடுத்த பின்வீலைத் தூக்க ஜாக்கியை, பின்வீல் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் ஹவுசிங்குக்கு அடியில் கொடுங்கள், சேசிஸில் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. ஸ்டாண்ட் போட்ட பிறகு நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுதலை. இப்போது தூக்கிய வீலைக் கையால் சுற்றினால் ஷாஃப்ட்டும் சுற்றும், நிப்பிள் ஒவ்வொன்றையும் கைக்கு வாகாகக் கொண்டுவரலாம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

நிப்பிள் முகத்தைத் துணியால் துடைக்காமல் கிரீஸ் கன்னை மாட்டினால் முதல் அழுத்தத்திலேயே மண் உள்ளே போய்விடும். கை லீவர் கன் போதும். காற்றில் ஓடும் கன் வேகத்துக்குக் கப்பின் ரப்பர் சீல் மடங்கிக்கொள்ளும். மெதுவாக அடித்துக்கொண்டே நாலு கப்பையும் பாருங்கள். நாலிலும் புது நிறக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை அடி அடித்தோம் என்பது கணக்கே இல்லை. மூன்று கப்பில் வழிந்து ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் அந்த ஒன்றுதான் நாளைக்குக் கிராஸை முடிக்கும்.

ஏன் என்றால், இந்த நீடில்கள் வீல் பேரிங் மாதிரி முழுச்சுற்று உருள்வதில்லை. ஷாஃப்ட் கோணத்துக்கு ஏற்பச் சில டிகிரி முன்னும் பின்னும் ஆடுகின்றன, அவ்வளவே. ஒரே இடத்தில் ஆடி ஆடிக் கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிட்டு, கிராஸின் காலில் வரி வரியாகப் பள்ளம் போடும். கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு தெரிந்தால் அந்தப் பள்ளம் விழுந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரீஸ் வாங்காத கப்புக்கு முதலில் ஷாஃப்ட்டைப் பாதிச் சுற்று திருப்பி, ஆட்டிக்கொண்டே அடித்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஷாஃப்ட்டை இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெயின்ட் கோடு ஒன்று போட வேண்டும். ஸ்லிப் உருவி வந்துவிடும் என்பதால் அதன் இரண்டு பாதிக்கும் கோடு தேவை. ஒரு பல் தள்ளி மாட்டினால் கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனை யோக்கும் (கவையும்) நேர்கோட்டில் இருக்காது, அதிர்வு வந்துவிடும். கழற்றிய கிராஸைக் கையால் முழுக்க மடக்கிப் பாருங்கள். வழவழவென்று போனால் மடக்கிக்கொண்டே கிரீஸ் அடிக்கலாம். படிப்படியாகத் தடுக்கினால் கிரீஸை வீணாக்க வேண்டாம்.

ஸ்லிப்புக்குக் கதை வேறு. ஷாஃப்ட் நீண்டு சுருங்க உள்ளே காலி இடம் வேண்டும். அதையும் கிரீஸால் அடைத்துவிட்டால், லோடு ஏறி ஷாஃப்ட் சுருங்க வரும்போது போக வழியில்லாமல் மூடியைப் பிடுங்கும், இல்லை என்றால் கியர்பாக்ஸ், சென்டர் பேரிங், ஆக்ஸிலுக்குள் இருக்கும் பினியன் கியர் என்று எதையாவது தள்ளும். ஆக்ஸிலைத் தொங்கவிட்டால் ஷாஃப்ட் நீண்டிருக்கும், உள்ளே போவதும் கூடிவிடும். அதற்குத்தான் ஹவுசிங்கில் ஜாக்கி. மூடியில் ஊசித்துளை இருந்தால் அங்கே கிரீஸ் தெரிந்ததும், துளையை விரலால் பொத்திக்கொண்டு சீல் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். துளை இல்லை என்றால் இரண்டு மூன்று அடியோடு நிறுத்துங்கள். ஷாஃப்ட் நீள ஆரம்பித்தால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது.

சென்டர் பேரிங் பெரும்பாலும் சீல் வகை, அதற்கு எதுவும் அடிக்க வேண்டாம். ரப்பர் வெடிப்பு மட்டும் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் முடித்து அடியில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிறார்களே, அந்த ரப்பரை ஊறவைத்துக் கெடுப்பது அதுதான். வேகத் தண்ணீரும் கப் சீலுக்குள் புகும். ஆகவே சர்வீஸ் போன அன்றே கிரீஸ் அடிப்பது நல்லது.

மற்றபடி 5,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும். சேற்றிலும் மணல் குவாரியிலும் ஓடுகிற வண்டிக்கு அதில் பாதி. வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி படுத்துப் பாருங்கள். ஃபுளோருக்கு அடியில் ஷாஃப்ட் சுற்றும் திசையில் கிரீஸ் கோடு தெறித்திருந்தால், அதற்கு நேரே இருக்கும் கப்பில் சீல் கிழிந்திருக்கிறது.