டிராபன்ட் காரில் பெர்லின்: மூன்று நாள் குறிப்பு

செப்டம்பர் 13, 2024

நாளைக் காலை பெர்லினைச் சுற்றிப் பார்க்க ஒரு டிராபன்ட் காரைப் பதிவு செய்திருக்கிறோம். முன்னால் வழிகாட்டியின் கார் செல்ல, அதன் பின்னே பயணிகள் தாங்களே ஓட்டும் கார்கள் வரிசையாகத் தொடரும். அவர் சொல்லும் விளக்கம் வானொலிக் கருவி வழியே எல்லாக் கார்களிலும் கேட்கும். அண்ணன் பல ஆண்டுகளாக ஜெர்மனியில் வசிப்பவர் என்பதால் ஓட்டும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்தக் காரைப் பற்றி இரவு முழுவதும் அவரே பேசிக்கொண்டிருந்தார். கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை ஏறத்தாழ 30 லட்சம் டிராபன்ட்கள் உருவாயின. எஃகுத் தட்டுப்பாட்டினால் அதன் மேலுடலைப் பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய டூரோபிளாஸ்ட் என்னும் பொருளால் செய்தார்கள். பெயரைப் பதிந்துவிட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்ததால், உடனே கைக்குக் கிடைக்கும் பழைய கார் புதிய காரைவிட அதிக விலைக்குப் போனதாம்.

செப்டம்பர் 14, 2024

புறப்படுமுன் வழிகாட்டி எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். இரண்டே சிலிண்டர்கள், 26 குதிரைத்திறன். பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கு அருகிலேயே உயரத்தில் இருப்பதால் எரிபொருள் தானாகவே கீழிறங்குகிறது. பம்பும் இல்லை, அளவுகாட்டும் முள்ளும் இல்லை, ஒரு குச்சியை விட்டுத்தான் அளக்க வேண்டும். ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கியர்த் தண்டைக் கண்டு மற்ற பயணிகள் விழித்தபோது, ஊரில் பழைய அம்பாசிடர் காரில் ஓட்டப் பழகிய அண்ணன் மட்டும் பழைய நண்பரைச் சந்தித்தவர்போல் சிரித்தார். பெட்ரோலுடன் எண்ணெயும் கலந்து எரிவதால் எழும் நீலப் புகை, முன்னால் சென்ற காரிலிருந்து எங்கள் சன்னலுக்குள் தாராளமாக வந்தது.

கிழக்கு, மேற்கு பெர்லின்களுக்கு இடையே எல்லைச் சோதனைச் சாவடியாக இருந்த செக்பாயின்ட் சார்லியில் அதிக நேரம் நிற்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் நேருக்கு நேர் நின்ற இடம் அது என்றாலும், இப்போது அங்கிருக்கும் காவல் குடில் படம் எடுத்துக்கொள்வதற்கான நகல்தான். அதைவிட, சாலையில் பதித்திருந்த இரட்டை வரிசைக் கற்களே என்னைக் கவர்ந்தன. நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் நின்ற தடத்தை நகரின் நடுப்பகுதியில் அந்தக் கற்கள் காட்டுகின்றன. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் சக்கரத்தின் கீழ் ஒரு சிறு குலுக்கல் மட்டும் ஏற்படுகிறது. 28 ஆண்டுகள் இந்தக் காரும் இதன் உரிமையாளரும் தாண்ட முடியாதிருந்த கோடு அதுதான்.

கார்ல் மார்க்ஸ் சாலைதான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. 1950களில் எழுந்த, ஓடு பதித்த மாளிகை போன்ற தொழிலாளர் குடியிருப்புகள் இருபுறமும் அணிவகுக்கும் அந்த அகன்ற சாலைக்கு அப்போது ஸ்டாலின் சாலை என்று பெயர். வேலை அளவை அரசு 10 விழுக்காடு உயர்த்தியதை எதிர்த்து, 1953 ஜூன் 16 அன்று இங்கே கட்டடம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களே வேலையை நிறுத்தி ஊர்வலம் சென்றனர்; மறுநாள் கிளர்ச்சி நாடெங்கும் பரவ, சோவியத் டாங்கிகள் அதை ஒடுக்கின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மேற்கு பெர்லின், பிரான்டன்பர்க் வாயிலிலிருந்து மேற்கே செல்லும் தன் பெருஞ்சாலைக்கு 'ஜூன் 17 சாலை' என்று பெயரிட்டது. கிழக்கில் நடந்ததற்கு மேற்கில் பெயர்ப்பலகை. நடந்து போயிருந்தால் இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் இணைத்துப் பார்த்திருக்க மாட்டேன். காரில் சுற்றியதன் உண்மையான பயன் இதுவே.

ஈஸ்ட் சைடு கேலரியில் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் அப்படியே நிற்கிறது. 1990இல் பல நாட்டு ஓவியர்கள் அதன் கிழக்கு முகத்தில் வரைந்தவற்றை எல்லோரும் படம் பிடித்தார்கள். சுவருக்குப் பின்னால் ஓடும் ஸ்பிரே ஆற்றைப் பற்றி வழிகாட்டி சொன்னது வேறு. இப்பகுதியில் ஆற்றின் முழு அகலமும் கிழக்கு பெர்லினுக்கு உரியதாக இருந்தமையால், மேற்குக் கரையிலிருந்து தவறி விழுந்த குழந்தைகளை மீட்க மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்களால் நீரில் இறங்க முடியவில்லை. ஐந்து குழந்தைகள் மூழ்கி இறந்த பிறகு, 1975இல்தான் இரு தரப்பும் மீட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன.

பிரான்டன்பர்க் வாயிலின் ஊடே 2002 முதல் வாகனங்கள் செல்வதில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அருகிலுள்ள, கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடத்தின் 2,711 கான்கிரீட் பாளங்களைக் கடகடவென்று புகை விட்டுக்கொண்டு கடந்து சென்றது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தைப் பயணப் பாதையிலிருந்து நீக்கிவிடலாம் என்பது என் கருத்து.

செப்டம்பர் 15, 2024

நேற்றைய பாதையில் இல்லாத போர்ன்ஹோல்மர் தெருப் பாலத்துக்கு இன்று டிராமில் சென்றோம். 1989 நவம்பர் 9 மாலை, பயணக் கட்டுப்பாடுகள் உடனே தளர்கின்றன என்று கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களிடம் சொல்லிவிட, அதைத் தொலைக்காட்சியில் கண்ட மக்கள் இந்தப் பாலத்தில் இருந்த எல்லைச் சோதனைச் சாவடியில் திரண்டனர். மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு எதுவும் வராத நிலையில், பொறுப்பிலிருந்த ஹாரல்ட் யேகர் இரவு பதினொன்றரை மணியளவில் தடுப்பைத் திறக்கச் சொன்னார். அன்றிரவு எல்லையைத் தாண்டி வந்த டிராபன்ட்களின் கூரையை மேற்கு பெர்லின்காரர்கள் கையால் தட்டி வரவேற்றார்கள். சுவரின் ஒரு துண்டும், அந்த நாளின் பெயரைத் தாங்கிய சதுக்கமும் இங்கே இருக்கின்றன. வந்திருந்தவர்கள் மிகச் சிலரே. டிராபன்ட்டில் ஊரைச் சுற்றிக் காட்டுபவர்கள் இந்தப் பாலத்தை எப்படி விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டேன். நகர மையத்திலிருந்து இங்கே வந்து திரும்பினால் குறித்த நேரத்துக்குள் முடியாது என்றார் அண்ணன். செக்பாயின்ட் சார்லியைக் கைவிட்டால் முடியும் என்றே இன்னும் நினைக்கிறேன்.