இறங்குபவரை எண்ணி வரைந்த படி

மாணவர் விடுதி அறைகளில் கட்டிலைப் பரண்மேல் ஏற்றி, அதன் அடியில் மேசையும் அலமாரியும் அமைக்கும் பணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, நான் அதிக நேரம் செலவிட்டது படிக்கட்டில்தான். பரணின் உயரம் 2.1 மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்லும் 190 மி.மீ. ரைசரும் (ஒரு படியின் உயரம்) 250 மி.மீ. ட்ரெட்டும் (கால் பதியும் பரப்பின் முன்பின் நீளம்) வைத்தால், படி மட்டுமே தரையில் குறைந்தது இரண்டரை மீட்டரை எடுத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் அறையில் பிறகு மேசையை எங்கே போடுவது?

இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் சேர்ந்தால் ஓர் இயல்பான காலடியின் நீளம் வரவேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிளாண்டல் வகுத்த கணக்கு. செங்குத்தான படி இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஏறுபவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, முன்பாதம் பதிந்தாலே போதும். இறங்கும்போதுதான் குதிகால் பின்னால் உரச, பாதி பாதம் வெளியே நிற்க, உடல் முன்னே சாய்கிறது. ஆகவே இத்தகைய படியை இறங்குபவரை மனத்தில் வைத்தே வரைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் தேர்ந்தெடுத்த படியில் ஒவ்வொரு பலகையும் ஒரு காலுக்கு மட்டும் அகலமாக, இடம் வலம் என மாறி மாறி வரும். மறுபாதி வெட்டப்பட்டிருப்பதால் அடுத்த கால் இடிபடாமல் கீழே இறங்கும். பலகைக்குப் பலகை 110 மி.மீ.தான் தள்ளிப் போகிறது என்றாலும், ஒரே காலுக்கு 220 மி.மீ. கிடைக்கிறது. தரையில் செலவாவது ஏறக்குறைய ஒரு மீட்டர்.

தச்சர் பிளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து தந்ததும் மாணவர்களை ஏறி இறங்கச் சொன்னோம். பலரும் ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டே இறங்கியதைப் பார்த்தபின், எந்தக் கை ஓய்வாக இருந்தாலும் பிடிக்க ஏதுவாக இருபுறமும் உருளை வடிவக் கைப்பிடி வைத்தோம். கால் வைப்பதற்கு முன்பே கை பற்றிக்கொள்ளும்படி அதைப் பரணின் தளத்துக்கு மேலேயும் நீட்டினோம். எந்தக் காலை முதலில் வைப்பது என்பதை இந்தப் படியே முடிவு செய்துவிடுகிறது என்பதால், எல்லா அறைகளிலும் மேல்பலகை ஒரே பக்கம் தொடங்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

விடுதியின் பொதுப்படிக்கு இந்த வடிவத்தை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆபத்து நேரத்தில் பலர் சேர்ந்து ஓட வேண்டிய வழி அது. அறைகளிலும்கூட, காலில் கட்டுப் போட்டவர்களுக்காகவும் மூட்டுவலி உள்ளவர்களுக்காகவும் தரைத்தளத்தில் சிலவற்றைப் பரணின்றி விடுமாறு நிர்வாகத்திடம் வலியுறுத்தினோம், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.