பீச் ரோட்டில் கைப்பிரதி

பிப்ரவரி 8, 2025, சனி

சாயங்காலம் ஆறு மணிக்குப் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊழியம். எங்கள் சபையின் ஓய்வுபெற்ற வாத்தியாரும் நானும் காந்தி சிலையில் தொடங்கி, பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை வரைக்கும் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுத்தபடி நடப்போம்.

புதுச்சேரியில் கைப்பிரதி வாங்க மறுப்பவர் குறைவு. சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். “எல்லா சாமியும் ஒண்ணுதான் தம்பி, நாங்களும் வேளாங்கண்ணிக்குப் போவோம்” என்பார்கள். வாத்தியாருக்கு அதில் நிறைவு. எனக்கு என்னவோ அந்தச் சிரிப்புதான் பெரிய பூட்டு. மாரியம்மன் படத்துக்கும் நாகூர் தர்காவுக்கும் பக்கத்தில் இயேசுவுக்கும் ஒரு ஆணி அடித்துவிடுவார்கள். அதற்கு மேல் பேச எதுவும் மிஞ்சாது. கேட்க மாட்டார்கள் என்று சபையில் நாங்கள் ஒதுக்கி வைக்கிற ஆட்களே வேறு: கறுப்புச் சட்டைக்காரர்கள், விபூதிப் பட்டை போட்டவர்கள், சண்டைக்கு வருபவர்கள்.

இன்று அப்படி ஒருவர் அகப்பட்டார். டூப்ளே சிலைப் பக்கம், சுவரில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுக்காரர். கறுப்புச் சட்டை. முன்பு மில்லில் வேலையாம். கைப்பிரதியை இரண்டு பக்கமும் முழுசாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இந்த ஆளு சிலைக்குக் கீழேயே நின்னு குடுக்கறீங்களே, இவர் காலத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?”

தெரியும் என்றேன். அரைகுறையாகத்தான் தெரியும்.

பிப்ரவரி 15, சனி

பெரியவர் அதே இடத்தில் இருந்தார். போன வாரம் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

1748 செப்டம்பர். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரம். ஏசு சபைப் பாதிரிமாரின் தேவாலயமான சம்பா கோயிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அதை இடிக்கச் சொல்லிப் பாதிரிமார் வெகுநாளாக நச்சரித்து வந்தார்கள். டூப்ளே ஆட்சியில் அந்தச் சமயம் பார்த்து இடித்துவிட்டார்கள். டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையே தன் நாட்குறிப்பில் இதையெல்லாம் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு நாம் பார்க்கிற ஈஸ்வரன் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் எழுந்தது.

“எனக்குக் கோயிலும் வேணாம், சர்ச்சும் வேணாம். ஆனா இடிச்சது இடிச்சதுதானே?”

அது கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்டுகள் என்று வாத்தியார் ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் பதில் சட்டப்படி சரி, வேறு எந்த விதத்திலும் சரியில்லை. கிறிஸ்துவின் பேரைச் சொல்லி நடந்தது, தப்பு, என்று மட்டும் சொன்னேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் டீ சொன்னார்.

பிப்ரவரி 22, சனி

பெரியவர் வரவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் வந்து, “இங்க குடுக்கலாமா சார்?” என்று மரியாதையாகவே கேட்டார். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவைச் சொன்னேன்: மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை உண்டு. பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அந்தத் தீர்ப்பைக் கேட்டாலே எங்கள் ஆட்களில் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வராது. மாற்றுகிறவர் ஆவியானவர் என்று மேடைக்கு மேடை சொல்லிவிட்டு, அந்த உரிமை எனக்கு இல்லையே என்று எதற்காகக் குறைப்பட வேண்டும்?

திரும்பும் வழியில் வாத்தியார், “அந்தக் கறுப்புச் சட்டைய விட்டுடு தம்பி. நேரம்தான் வீண்” என்றார். விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுலிடம் போகச் சொன்னபோது, சீஷன் அனனியாவும் ஏறக்குறைய இதைத்தானே சொன்னான் என்றேன். இந்த மனுஷன் செய்த பொல்லாங்கையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன் ஆண்டவரே என்று கர்த்தருக்கே தகவல் கொடுத்தவன் அவன். வாத்தியார் சிரித்துவிட்டார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சீகன்பால்கு பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி. புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டவர் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் கடிதமாக எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அவை ஹாலே நகரில் அச்சாயின. உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தம் இல்லை, உங்கள் வேதத்தை எப்படி மதிப்பது என்ற தோரணையில் எழுதியவர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் அனுப்பியிருக்கிறார் மனுஷன். இன்றைக்கு எந்த ஊழியக்காரர் தன் மாத அறிக்கையில் இப்படி எழுதுவார்? “பலர் தொடப்பட்டார்கள்” என்றுதான் எழுதுவோம்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி. சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடற்கரைக்கு வந்து நிற்கும் நாள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். சபை வாலிபர் சிலர் கைப்பிரதிக் கட்டோடு கிளம்பினார்கள். வேண்டாம் என்று தடுத்தேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் நின்று நம் வீட்டுப் பத்திரிகையை நீட்டுவது போலாகிவிடும். சரி, அப்படியானால் ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிறோம் என்றார்கள். அதற்கும் சண்டை போட்டேன். உள்ளே படுத்திருப்பவருக்காகக் கலங்கி நிற்கிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்தவரிடம் போய்ச் சொல்வதுதான் சாட்சி. பயந்துபோய் ஊழியத்தையே குறைக்கிறேன் என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொன்னான். சொல்லட்டும்.

மார்ச் 15, சனி

பெரியவர் வந்திருந்தார். கால் வீக்கமாம். உட்காரும் முன்பே அடுத்த கேள்வி: “உங்க சபையில சாதி இல்லையா?”

இருக்கிறது என்றேன். பெண் பார்க்கும்போது வெளியே வரும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் வரும். 1745இல் அதே சம்பா கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது, அவர்கள் போய் முறையிட்ட பிறகுதான் இடித்தார்கள், அதுவும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பெரியவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாராம்.

“எல்லாம் தெரிஞ்சும் எதுக்குய்யா அங்க இருக்க? உனக்கு என்ன கிடைச்சுது?”

அண்ணனோடு நடந்த பாகப்பிரிவினை வழக்கைச் சொன்னேன். ஒரு தவக்காலத்தில் ஜெபத்தில் உட்கார முடியாமல் எழுந்துபோய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியதை, வழக்கை வாபஸ் வாங்கியதை, எனக்காக ஒருவர் தன் உரிமையையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்க நான் முக்கால் சென்ட் மனையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனே என்று தோன்றியதை.

“வாபஸ் வாங்க சாமி எதுக்கு? நானும்தான் தம்பிக்கு விட்டுக் குடுத்தேன்.”

இதற்கு மறுப்பு ஏதும் இல்லை. உங்களுக்கு முடிந்திருக்கிறது, எனக்கு அவர் இல்லாமல் முடியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “துண்டு துண்டா நீட்டாம முழுசா இருந்தா குடு” என்றார். பையில் லூக்கா சுவிசேஷம் இருந்தது, கொடுத்தேன்.

மார்ச் 22, சனி

பாதிக்கு மேல் படித்துவிட்டார்! ஓரமெல்லாம் பென்சில். எழுத்து பொடி என்று முதலில் ஒரு திட்டு. பதினாறாம் அதிகாரத்து ஐசுவரியவான், லாசரு கதைக்குப் பக்கத்தில் ‘இது பரவாயில்லை’ என்று எழுதியிருந்தார். ஏழை மேலே, பணக்காரன் கீழே. அவருக்குப் பிடிக்காமல் இருக்குமா?

“ஆனா கடைசி வரி? செத்தவன் எழுந்து வந்து சொன்னாலும் நம்ப மாட்டாங்கன்னு உங்க புத்தகமே சொல்லுது. அப்புறம் எந்த நம்பிக்கையில நீ சனிக்கிழமையானா வந்து நிக்கற?”

வாத்தியார் அத்தேனே பட்டணத்துக் கதையை எடுத்தார். பவுல் பேசியதைக் கேட்டுச் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இதைப் பற்றி மறுபடியும் கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி என்று கொஞ்சம் பேர் நம்பினார்கள். யார் எந்தப் பக்கம் போவார் என்று பேசுகிறவனுக்கு முன்கூட்டித் தெரியாது. வாத்தியாரா இதைச் சொல்கிறார் என்று எனக்குத்தான் ஆச்சரியம்.

பெரியவர் மடங்கவில்லை. “அது பதில் இல்ல வாத்தியாரே, கணக்கு. நான் தம்பியத்தான் கேட்டேன்.” நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் காரைக்காலில் மகள் வீட்டுக்குப் போகிறாராம், அதற்கடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். பெரிய எழுத்தில் யோவானும் கேட்டிருக்கிறார்.