ஓட்ஸ் பசையிலிருந்து மோர்க்கஞ்சிக்கு வந்து சேர மூன்று மாதம்

நேற்று சாயந்தரம் ரிப்போர்ட் வந்தது. என் வீட்டுக்காரருக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 164-லிருந்து 139-க்கு இறங்கியிருக்கிறது. தாளை மூன்று முறை படித்துவிட்டுத்தான் அவருக்குப் போன் போட்டேன். காலையில் ஓட்ஸ் சாப்பிட அவரைப் பழக்குவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. குப்பைக்குப் போன பாக்கெட்டுகள், ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைச்சல், லேபுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு காலை. யாராவது முதலிலேயே நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதி மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை. அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டால் எத்தனை மணிக்குக் கேட்டுக்குள் போவார் என்று சொல்லவே முடியாது. காலையில் வழியில் பூரியோ, வடகறியோடு செட் தோசையோ. சாயந்தரம் பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் ஒரு தட்டு அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 47 வயதில் கொழுப்பு ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

டாக்டர் நல்லவர்தான். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள், தினமும் நடக்கச் சொல்லுங்கள், காலையில் ஓட்ஸ் கொடுங்கள் என்றார். எந்த ஓட்ஸ், எவ்வளவு, எப்படிச் செய்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் சிரமமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் பாக்கெட்டில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, பாலைக் காய்ச்சி, ஓட்ஸைக் கொட்டி, சர்க்கரை போட்டுக் கிளறினேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் இறுகிப்போய்க் கரண்டி அப்படியே நின்றது. "இன்னாம்மா இது, பசை மாதிரி கீது" என்று கேட்டுவிட்டு, எனக்காக முழுதும் சாப்பிட்டார். மத்தியானம் வயிறு உப்பிக்கொண்டது. மறுநாள் தட்டைத் தொடவில்லை.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. நார்ச்சத்தே இல்லாத காலைச் சாப்பாட்டுக்குப் பழகிய வயிற்றில், எடுத்த எடுப்பில் ஒரு பெரிய கிண்ணம் ஓட்ஸ் போனால் உப்பத்தான் செய்யும். முதல் வாரம் மூன்று நான்கு ஸ்பூன் போதும். கூடவே வழக்கமாகச் சாப்பிடுகிற இட்லி இரண்டு வைத்துவிடலாம். மெதுவாக ஓட்ஸை ஏற்றி இட்லியைக் குறைக்க வேண்டும். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். டிரெய்லர்காரர்கள் இறங்க இடம் கிடைக்காது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அதோடு ஓட்ஸும் சேர்ந்தால் மலச்சிக்கல்தான். இதை அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டோம்.

பால் ஓட்ஸ் வேண்டாம் என்று ஆனதும் மசாலா பாக்கெட்டுகளுக்குத் தாவினேன். சின்னச் சின்ன உறை, மூன்று நிமிடம், காரமாக இருக்கிறது, அவரும் சாப்பிடுகிறார். பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா நர்ஸாக இருக்கிறார். அவர்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். உன் வீட்டுக்காரருக்குப் பிரஷரும் லேசாக இருக்கும்போது இவ்வளவு உப்பை ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டார். நாம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ள வேண்டிய உப்பே 5 கிராமுக்குள்தான், அதாவது சோடியம் 2000 மில்லிகிராமுக்குள். ஒரு சின்ன உறை அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று நீங்களே உங்கள் பாக்கெட்டில் பாருங்கள். இன்னொன்றும் சொன்னார்: எந்தப் பொருள் அதிக எடையோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடுவார்கள். ஓட்ஸுக்கு அடுத்தடுத்து சர்க்கரை, உப்பு, பெயர் புரியாத மாவு என்று வரிசையாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நல்ல பாக்கெட்டில் ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருக்கும்: ஓட்ஸ்.

அந்த அக்கா சொன்ன விளக்கத்தால்தான் எனக்கு இதில் பிடிப்பே வந்தது. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்று கரையும் நார்ச்சத்து ஒன்று இருக்கிறதாம். வெந்ததும் கொழகொழவென்று வருகிறதே, அதுதான். குடலுக்குள்ளும் அதே மாதிரி கொழகொழப்பாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். ஈரல் புதிதாகப் பித்தம் சுரக்க ரத்தத்தில் இருக்கிற கொழுப்பை எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் எல்டிஎல் இறங்குகிறது. அதற்கு ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் வேண்டும், சமைக்காத ஓட்ஸில் கணக்கிட்டால் 60-லிருந்து 75 கிராம். நான் ஒரு கப்பை எடை போட்டுப் பார்த்து, முக்கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்பூனைப் பாலில் கரைத்துக் குடித்துவிட்டு ஓட்ஸ் சாப்பிட்டேன் என்றால் அந்தக் கணக்கு வராது.

சரி, இனி நல்லதாக வாங்குவோம் என்று கிளம்பியதில்தான் அந்த வீண் அலைச்சல். முழு ஓட்ஸை இரண்டு மூன்றாக வெட்டிய ரகம் ஒன்று உண்டு, ஸ்டீல் கட் என்பார்கள். அதுதான் ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்று கேள்விப்பட்டு, மெட்ரோவில் மண்ணடி இறங்கி, கொத்தவால்சாவடிப் பக்கம் மளிகைக் கடை கடையாக ஏறினேன். ஏப்ரல் வெயில். நாலாவது கடையில் ஒருவர், "இருக்கும்மா, அதேதான்" என்று ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். கடையில் கூட்டம், நானும் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உலர் திராட்சையும் தேனும் கலந்த இனிப்பு ஓட்ஸ். திரும்பிப் போனேன். பிரித்த பாக்கெட்டை எடுக்க மாட்டோம் என்றார். நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "படிச்சுப் பாத்து வாங்கணும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை.

அப்புறம் ஒரு வழியாக ஸ்டீல் கட் கிடைத்து வாங்கியும் பார்த்தேன். வேக அரை மணி நேரம் ஆகிறது. அதிகாலை நான்கு மணிக்கு வண்டி எடுக்கிற வீட்டில் நடக்கிற காரியமில்லை. நேரம் இருப்பவர்கள் இரவே ஊற வைத்துச் செய்யலாம். எங்களுக்குச் சாதாரண ரோல்டு ஓட்ஸே போதும் என்று முடிவாகிவிட்டது. தட்டையாக, முழுசு முழுசாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். தூள் தூளாக இருக்கிற இன்ஸ்டன்ட் ரகம் சீக்கிரம் குழைந்து சீக்கிரம் ஜீரணமாகி, சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும். சர்க்கரை இருப்பவர்கள் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக்கிச் செய்கிற தோசை, ரொட்டியையும் எப்போதாவது மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது உப்புமா. ரவைக்கு ஊற்றுகிற மாதிரி ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் ஊற்றிக் கெடுத்தேன். ஓட்ஸ் ஏற்கெனவே ஆவியில் வெந்து தட்டையாக்கப்பட்டது, அதற்கு அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை. இப்போது செய்கிற முறை இது. வெறும் வாணலியில் ஓட்ஸை ஐந்து நிமிடம் மிதமான தீயில் வாசனை வரும்வரை வறுத்துத் தனியே கொட்டிவிடுவேன். இந்த வறுவலை விட்டால் கட்டாயம் களியாகும். ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்து, கேரட், பீன்ஸ் வதக்கி வெந்த பிறகுதான் ஓட்ஸ். ஒரு கப்புக்கு முக்கால் கப் வெந்நீர், அதையும் மொத்தமாக ஊற்றாமல் இரண்டு மூன்று தடவையாகத் தெளித்து, மூடி மூன்று நிமிடம். கரண்டியால் அழுத்தக் கூடாது, முள்கரண்டியால் உதிர்த்து விட வேண்டும். கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டால் எங்கள் வீட்டில் தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் டிபன் பாக்ஸில் மூன்று மணி நேரம் இருந்தால் இதுவும் இறுகிவிடும். டிரெய்லர் கேபினில் உட்கார்ந்து காய்ந்த உப்புமாவைத் தொண்டையில் இறக்க முடியவில்லை என்று அவர் பாதியைத் திருப்பிக் கொண்டு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கு அத்தைதான் வழி சொன்னார். "கூழு எப்டிம்மா கரைக்கிறே? அந்த மாதிரி கரைச்சுப் பாரேன்." அவ்வளவுதான் சொன்னார். ஆடி மாதம் தெருவே கூழ் வார்க்கிற ஊர் இது. வெயில் காலம் முழுக்க மூலைக்கு மூலை கூழ் வண்டி. அவரும் சின்ன வயதிலிருந்து சொம்பு சொம்பாகக் கூழ் குடித்து வளர்ந்தவர். எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

இரவே ஓட்ஸைக் கொஞ்சம் வறுத்து, முக்கால் கப்புக்கு மூன்று கப் தண்ணீர் ஊற்றி ஏழெட்டு நிமிடம் வேகவிட்டு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் கூழ்க்கட்டி மாதிரி இருக்கும். கையாலேயே தண்ணீர் விட்டுக் கரைத்து, கொஞ்சமே உப்பு, வெண்ணெய் எடுத்த மோர் ஒரு டம்ளர், சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், மாங்காய் கிடைக்கிற காலத்தில் இரண்டு துண்டு. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கருவாடும் வேண்டும் என்பார். இரண்டிலும் உப்பு அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுக்கிறேன். மற்ற நாளில் கொத்தவரங்காய்ப் பொரியலோ, ஒரு வேகவைத்த முட்டையோ.

வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மோரை வீட்டிலேயே கலந்து கொடுக்காதீர்கள். கேபின் சூட்டில் பத்து மணிக்குள் புளித்துப் பொங்கிவிடும். நான் கரைத்த ஓட்ஸை அகல வாய் ஃபிளாஸ்கிலும், மோரை உறைய வைத்த தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துத் தனிப் பையிலும், வெங்காயத்தைச் சின்ன டப்பாவிலும் கொடுக்கிறேன். சாப்பிடும்போது கலந்துகொள்கிறார். கூட வண்டி ஓட்டுகிற இரண்டு பேர் இப்போது அவரிடம் செய்முறை கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெண்பொங்கலுக்குப் பதிலாக ஓட்ஸ் பொங்கல். பாசிப்பருப்பை முதலில் குழைய வேகவைத்துவிட்டு ஓட்ஸை அதில் போட வேண்டும், சேர்த்து குக்கரில் வைத்தால் கூழாகிவிடும். மிளகு, சீரகம், இஞ்சி தாராளமாக, நெய் அரை ஸ்பூன்.

கடல் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு கிலோ பாக்கெட் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தாலே உப்புக் காற்று. கிளிப் போட்டு வைத்த பாக்கெட்டில் மூன்றே வாரத்தில் ஈரம் ஏறி, வண்டு வந்து, முக்கால் கிலோ குப்பைக்குப் போனது. இப்போது அரைக் கிலோ, வாங்கிய அன்றே இறுக்கமான மூடி உள்ள டப்பாவில், டப்பா ஃப்ரிட்ஜில். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

கடைசியாக லேப். போன வாரம் மூன்று மாதம் முடிந்தது. எப்போது வர வேண்டும் என்று போனில் கேட்டதற்கு, "எப்ப வேணா வாங்க" என்றார்கள். நானும் ஐந்து மணிக்குக் கஞ்சி கொடுத்து, ஏழரைக்கு அவரை அழைத்துப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "சாப்பிட்டாரா? அப்போ இன்னிக்கு எடுக்க முடியாது" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். அவருக்கு அன்றைய லோடு போனது. அதை முன்னாடியே போனில் ஒரு வார்த்தை சொல்வதில் என்ன கஷ்டம்? கொழுப்புப் பரிசோதனைக்கு எங்களிடம் 12 மணி நேரம் வெறும் வயிறு கேட்டார்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். உங்கள் லேபில் எவ்வளவு என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். மறுநாள் வெறும் வயிற்றோடு போனால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். அது வீட்டில். போனில் போட்டோ காட்டினால் செல்லாதாம். பையன் சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்தான். இப்போது சீட்டும் பழைய ரிப்போர்ட்டும் ஒரே கவரில், பீரோ கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

139 என்பது ஓட்ஸால் மட்டும் வந்ததில்லை. வடகறியும் பூரியும் வாரத்துக்கு ஒரு முறையாகிவிட்டன, சாயந்தரம் அரை மணி நேரம் நடக்கிறார். டாக்டரும் அதையேதான் சொன்னார், இதே மாதிரி இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

நாளைக்கும் நான்கு மணிக்கு வண்டி. ஓட்ஸ் வெந்து ஆறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பாட்டில் உறைய வைத்தாயிற்று. காலையில் எழுந்து வெங்காயம் மட்டும் உரிக்க வேண்டும்.