ஹன்னா ரெஸ்வோல்-ஹோல்ம்சன்: செமினாருக்கு எடுப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. தாவரவியல் செமினாருக்கு நார்வேயின் ஆர்க்டிக் தாவரவியலாளர் ஹன்னா ரெஸ்வோல்-ஹோல்ம்சனை எடுத்திருந்தால், ஸ்லைடு அப்புறம். முதலில் ஒரு தாளில் கோடு போட்டு ஆண்டு, ஆள் பெயர், ஊர்ப் பெயர், செடிப் பெயர் என்று நான்கு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். இவர் விஷயத்தில் மார்க் போவது பெயர்க் குழப்பத்தில்தான்.

1907-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுப் பயணத்தில் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்பிட்ஸ்பெர்கன் போனார். கோல்ஸ்புக்டா விரிகுடாக் கரையில் கூடாரம், துப்பாக்கி, கேமரா சகிதம் தனியாகத் தங்கிச் செடி சேகரித்தார். 1908-இல் மறுபடி போனார். அந்தக் காலப் படங்களில் அவர் பெயர் ரெஸ்வோல்-டீசெட்; அது முதல் திருமணத்தில் வந்தது. நிலவியலாளர் குன்னார் ஹோல்ம்சனை மணந்தது 1909-இல். புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் களப்பணிக் காலமே கண்ணில் படாது. வெறும் ரெஸ்வோல் என்று தேடினாலோ அக்கா தெக்லாவும் கூடவே வருவார். அவரும் தாவரவியலாளர், ஜாவா வரை போனவர்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். அன்று தீவுக்கூட்டம் முழுவதுமே ஸ்பிட்ஸ்பெர்கன். 1925-இல் நார்வேயின் ஆட்சிக்குள் வந்தபின் அது சுவால்பார். பழைய பெயர் பெரிய தீவுக்கு மட்டும் நின்றது. அதனால்தான் 1927-இல் வந்த அவருடைய தாவர நூலின் தலைப்பில் சுவால்பார் இருக்கிறது. 1921-இல் அவர் விரிவுரையாளரான நகரமும் அப்போது கிறிஸ்டியானியா. ஓஸ்லோ ஆனது 1925-இல்.

செடிக்கு ஒரே ஒரு உதாரணம் போதும்: பழைய பட்டியலின் பாலிகோனம் விவிபாரம், இன்று பிஸ்டார்ட்டா விவிபாரா. தண்டின் மேல்பாதியில் பூ, கீழ்ப்பாதியில் குமிழ்மொட்டு. குறுகிய கோடையில் விதை முற்றாமல் போனாலும் மொட்டு உதிர்ந்து முளைத்துவிடும். தண்டை வரைந்து காட்டுங்கள். படத்தை ஒட்டுவதைவிட எடுபடும்.

வைவாவில் அவர் எடுத்த வண்ணப் படங்களைக் கையால் தீட்டியவையா என்று கேட்கக்கூடும். இல்லை, ஆட்டோக்ரோம். சிவப்பாரஞ்சு, பச்சை, ஊதா சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, மேலே கறுப்பு-வெள்ளைப் படம் பதியும் பூச்சு தடவியது. துகள்களே வடிகட்டி என்பதால் வெளிச்சத்தில் பெரும்பகுதி உள்ளே வராது. வெயிலிலும் விநாடிக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். காற்றில் பூ ஆடினால் படம் கலங்கிவிடும். தகடு ஒன்றுதான், நெகட்டிவ் கிடையாது.

பிறப்பு (1873), பட்டம், மறைவு (1943) எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்லைடு. மிச்ச நேரம் கோல்ஸ்புக்டாவுக்கு.